கிடாவுக்குப் போட்ட முதல் ஊசி

செட்டிகுளம்
புதன்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடித்தது

அன்புள்ள சுந்தராம்பாளுக்கு,

உன் வீட்டுக்காரன் அய்யம்பெருமாள் தன் கையாலேயே எழுதுவது. யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. சாயங்கால வகுப்பில் பெயரும் ஊரும் எழுதியதற்கு மேல் நான் எழுதும் முதல் சங்கதி இதுதான். எனக்கு முன்னால் நீ படிக்கப் பழகிவிட்டாய் என்று என்னைக் கேலி செய்தாயே, இப்போது ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. கோடு போடாத தாள், வரி மேலே ஏறி ஏறிப் போகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்தால் நான் பேசுவது போலவே இருக்கிறது. அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் தெரியும்.

இங்கே நான் சுகம். கோழிகள் சுகம். பட்டறை போட்டுச் சேர்த்து வைத்த வெங்காயம் அழுகாமல் இருக்கிறது. மக்காச்சோளத்தில் புழு விழுந்தது, மருந்து அடித்தாயிற்று. திருப்பூரில் நீயும் புவனேஸ்வரியும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். முனியப்பனுக்கு நீ நேர்ந்துவிட்ட கிடாவைப் பற்றி நிறைய எழுத இருக்கிறது. அது உயிரோடுதான் இருக்கிறது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி. நடுவில் எழுந்து போய் அழாதே.

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். புவனாவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள், நீ சம்மதிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ்ஸில் ஊருக்குக் கூட்டி வரப் போகிறாய் என்றார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிப் பிள்ளை வரும் வழியை மூடிக்கொண்டு கிடக்கிறதாம். பஸ்ஸில் குலுங்கினால் ரத்தம் போகத் தொடங்கிவிடும், போனால் நிறுத்துவது கஷ்டம் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அத்தையை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. நான் போனில் இதைப் பேசினால் நீ அழுகிறாய், இல்லாவிட்டால் போனைப் புவனா கையில் கொடுத்துவிடுகிறாய். நேரில் வந்தால் சண்டையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். லப்பைக்குடிக்காடு இலியாஸ் வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு திருப்பூர் வருகிறார். அவரிடம் கொடுத்தால் வெள்ளிக்கிழமை காலையில் உன் கைக்கு வந்துவிடும். இதைப் புவனாவிடம் காட்டாதே. நீயே படி, மெதுவாகப் படி.

நீ நேர்ந்துகொண்டது எனக்கு மறக்கவில்லை. பிள்ளைமேல் கத்தி படாமல் பிரசவம் ஆகி, தாயும் சேயும் பிழைத்தால் முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிறேன் என்றாய். அந்தக் கிடாவுக்குத்தான் நடந்தது இவ்வளவும்.

திங்கட்கிழமை காலையில் தீவனம் வைக்கப் போனேன். கிடா பின்னங்கால்களைப் பின்னுக்கு நீட்டி நின்று முக்கிக்கொண்டிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. புழுக்கை இறுகிவிட்டது என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தேன். வாயைத் திறக்கவே இல்லை, பாதி என் வேட்டியில் ஊற்றிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பார்த்தால் அடிவயிறு பானை மாதிரி இருந்தது. ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. உன் அண்ணன் செல்லக்கண்ணு வந்து பார்த்தான். பூசாரியாயிற்றே, நேர்ந்துவிட்ட கிடா வேளை வருவதற்குள் செத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிடாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். குட்டியானை வண்டி பிடித்து இரண்டு பேருமாக ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போனோம்.

அங்கே கால்நடை ஆஸ்பத்திரியில் இன்ஷா என்று ஒரு டாக்டரம்மா. லப்பைக்குடிக்காட்டுப் பெண்தான், நம் புவனா வயசு இருக்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மூத்திர வழியில் கல் அடைத்திருக்கிறது என்றார். என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். சாமிக்கு விட்ட கிடா கொழுக்க வேண்டும் என்று மக்காச்சோளமாக அள்ளிப் போடுகிறோம் என்றேன். தண்ணீர் குறைந்து தானியம் கூடினால் இப்படித்தான் கல் சேரும் என்றார். பாவம், நீயும் நானும் போட்டிபோட்டுக்கொண்டு போட்டோம். மூத்திரப்பை வெடிக்கும் நிலையில் இருக்கிறது, வயிற்றைத் திறந்து குழாய் வைத்தால்தான் பிழைக்கும் என்றார். பிள்ளைமேல் கத்தி படக் கூடாது என்று நேர்ந்த கிடாவுக்கே கத்தியா என்று தோன்றியது. ஆனால் அது மறுபடி பல்லைக் கடித்த சத்தம் கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அது கடைசியாக எப்போது தின்றது என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து எதுவும் தொடவில்லை என்றேன். அது ஒரு வகையில் நல்லது என்றார். மயக்கத்தில் கிடக்கும்போது அசை போடுகிற தீனி தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளைக் கொன்றுவிடுமாம். அப்புறம் இரண்டு ஊசி மருந்து எடுத்து வைத்தார். முதலில் அமைதிக்கு ஒன்று, அதற்குப் பிறகு மயக்கத்துக்கு ஒன்று. மாட்டுக்கு வழக்கமாகப் போடும் அமைதி மருந்து ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டால் மூத்திரம் நிறைய ஊறுமாம். வழி அடைத்துக் கிடக்கும் ஆட்டுக்கு அது ஆகாது என்று வேறு ஒன்றை எடுத்தார். எப்படியும் தூங்க வைக்கத்தானே போகிறீர்கள், எதற்கு இரண்டு, ஒரேயடியாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது என்று நீ சொல்வாயே. அதற்கு அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பயந்த உடம்புக்கு மயக்கம் நிறைய வேணும் தாத்தா. நிறையப் போட்டா நெஞ்சு தாங்காது. மொதல்ல பயத்த எறக்கிட்டா, மத்தது கொஞ்சம் போதும்."

முதல் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கிடா தலையைத் தொங்கப் போட்டது. கால் மடங்கி மெதுவாகப் படுத்தது. வாயில் எச்சில் ஒழுகியது. அரைக் கண்ணால் எங்களைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தது. பல் கடிப்பது நின்றுவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருந்த எனக்கு அதுவே நிம்மதி. செல்லக்கண்ணு கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி ஆள் வயிற்று மயிரைச் சிரைத்துவிட்டு, ஒரு குவளையில் மருந்து கலந்த தண்ணீர் கொண்டு வந்து கழுவினார். அந்தத் தண்ணீர் மஞ்சள் தண்ணீர் நிறம், சுந்தராம்பாள். குவளையைத் தூக்கும்போது கொஞ்சம் சிந்தி, கிடாவின் தலையிலும் காதிலும் விழுந்தது.

கிடா சிலுப்பியது.

முனியப்பன் முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, கிடா சிலுப்புகிறதா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே. சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, இல்லாவிட்டால் அருவாளைத் தொடக் கூடாது என்போமே. அதே சிலுப்பல். தலையிலிருந்து வால்வரைக்கும். தூங்கி வழிந்துகொண்டிருந்த கிடா அப்படிச் சிலுப்பியது. செல்லக்கண்ணு கழுத்தை விட்டுவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டான். டாக்டரம்மா அவனுக்குத்தான் மயக்கம் வந்துவிட்டது என்று ஓடி வந்தார்.

எழுந்து உட்கார்ந்த செல்லக்கண்ணு என் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"உத்தரவு ஆயிடுச்சு மச்சான். இனி இத உசுரோட வூட்டுக்கு ஓட்டிட்டுப் போவக் கூடாது."

டாக்டரம்மா என்னவென்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதல் ஊசி தூக்கமில்லை, அமைதி மட்டும்தான், தொட்டாலும் குளிர்ந்தாலும் அதற்குத் தெரியும், தண்ணீர் பட்டதால் சிலுப்பியது என்றார். செல்லக்கண்ணு கோயிலிலும் தண்ணீர் பட்டுத்தான் சிலுப்புகிறது என்றான். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் ஊசி ரொம்ப நேரம் நிற்காது, அதன் வேகம் இறங்குவதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எப்படி முடிவு சொல்வேன். ஒரு பக்கம் செல்லக்கண்ணு வெட்ட வேண்டும் என்கிறான். மறு பக்கம் டாக்டரம்மா அறுக்க வேண்டும் என்கிறார். இரண்டுமே கத்திதான். நீ பக்கத்தில் இல்லை. கிடாவைப் பார்க்கிறேன், எனக்குப் புவனா முகம்தான் தெரிகிறது. பிறகு செல்லக்கண்ணுவிடம் ஒன்று கேட்டேன். உத்தரவு கொடுத்த சாமி, கத்தி யார் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா என்று கேட்டேன். என்னை முறைத்தான். டாக்டரம்மாவின் கையைப் பார்த்தான். நம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி ஆளிடம் விசாரித்தான். கிடாவின் தலை முனியப்பன் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டுமாம். எச்சில் தொண்டைக்குள் இறங்காமல் வெளியே வடிய, வாய் தாழ்ந்திருந்தால் எனக்குப் போதும், தலை எந்தத் திசையில் இருந்தாலும் சரி என்று டாக்டரம்மா கிடா கிடந்த மேசையையே திருப்பச் சொன்னார். நானும் ஒரு கை பிடித்தேன்.

சம்மதத்துக்குக் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்கள். வேண்டாம் என்று பேனாவைக் கேட்டு வாங்கினேன். அந்தக் கலக்கத்திலும் முழுப் பெயரையும் எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றார்கள்.

(கை வலிக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.)

வியாழக்கிழமை. வெயில் வந்துவிட்டது. கிடாவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது ஊசி போட்டதும் நடந்ததை நீ பார்த்திருந்தால் நெஞ்சே நின்றிருக்கும். எனக்கு நின்றுவிட்டது. மயக்கம் என்றால் கண் மூடும் என்றுதான் நினைத்திருந்தேன். மூடவில்லை. கண் திறந்தபடி அப்படியே கல்லாகிவிட்டது. நாக்கு வெளியே தொங்கியது. கால் விறைத்தது. வெட்டிப் போட்ட கிடாவின் தலை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தது. போயிடுச்சு, போயிடுச்சு என்று கத்தினேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் வைத்தார். உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. நிதானமாகத் துடித்தது. இந்த மருந்துக்குக் கண் மூடாது என்று சொல்லி, கண் காயாமல் இருக்க ஏதோ களிம்பு தடவினார். தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கினார். நான் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடும் என்று பயம்.

கத்தி வைத்தார். ரத்தம் வந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. கையை வைத்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செல்லக்கண்ணு பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பார்க்காத ரத்தமா. குழாய் வழியாக மூத்திரம் பீறிட்டு வந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. கேழ்வரகு மணி மாதிரி கல்லைக் கையில் வைத்துக் காட்டினார். இவ்வளவு சின்னதா என்று கேட்டேன். ஒரு உயிரை இத்தனூண்டு மறித்துக்கொண்டு நிற்குமா என்று இப்போதும் ஆறவில்லை. தையல் போட்டு முடிந்ததும் செல்லக்கண்ணு ரத்தம் நனைந்த பஞ்சு ஒன்றைக் கேட்டான். டாக்டரம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். வெற்றிலையில் வைத்து மடித்து மடியில் கட்டிக்கொண்டான்.

கிடாவை ஒருக்களித்துப் போடக் கூடாதாம், வயிறு உப்பிவிடுமாம். இரண்டு பக்கமும் சாக்கை முட்டுக் கொடுத்து நெஞ்சு தரையில் பட உட்கார வைத்தார்கள். நானும் செல்லக்கண்ணுவும் எதிரில் குந்தியிருந்தோம். முதலில் காது அசைந்தது. அப்புறம் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. அந்த நாற்றம் எனக்குச் சந்தனமாக மணந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். தலையைத் தூக்கியது, தொப்பென்று போட்டது. மறுபடி தூக்கியது. முன்னங்காலை ஊன்றி, தடுமாறி விழுந்து, கடைசியில் எழுந்து நின்று ஒரு சத்தம் கொடுத்தது.

செல்லக்கண்ணு எத்தனையோ கிடா வெட்டியவன். வெட்டுப்பட்ட கிடா எழுந்து நின்றதை அவன் பார்த்ததே இல்லை. பிறகு தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னான்.

"சிலுப்பிடுச்சு. கத்தி பட்டுச்சு. ரத்தம் விழுந்துச்சு. சாமிக்குச் சேர வேண்டியது சேந்துடுச்சு மச்சான். இது சாமி திருப்பிக் குடுத்த உசுரு. நேர்த்தி முடிஞ்சுதுன்னு தங்கச்சிகிட்ட சொல்லு."

அன்றைக்கே வெற்றிலையை முனியப்பன் கல்லடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான். விபூதி கொடுத்திருக்கிறான், கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். இனி அந்தக் கிடாவை வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது என்கிறான். ஆயுசு உள்ளவரை அது நம் பட்டியில் தின்றுகொண்டு கிடக்கும். மக்காச்சோளம் கிடையாது. பச்சைத் தழையும் தண்ணீரும்தான். வயிற்றில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு இப்போதே என்னை முட்ட வருகிறது.

இந்தக் கிடாவை வீட்டில் இறக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாப்பிள்ளை போன் வந்தது.

சுந்தராம்பாள், சாமி மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் பட்டுச் சிலுப்பியதோ, உத்தரவோ, அதுவும் தெரியாது. அதையெல்லாம் உன் அண்ணன் பார்த்துக்கொள்வான். நீ நம்புகிற பூசாரி அவன், நேர்த்தி முடிந்தது என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். பிள்ளைமேல் கத்தி படக் கூடாது என்று நேர்ந்தாய். கத்தி கிடாமேல் பட்டது. பட்டதால்தான் அது நிற்கிறது. படாமல் விட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் குழி தோண்டியிருப்பேன். இதை நான் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டுப் பார்த்தேன். யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

போன பிரசவத்துக்குப் புவனாவை இங்கே வைத்துப் பார்த்தோமே, அப்போது நடந்ததை நான் எழுத மாட்டேன். எழுதக் கற்றுக்கொண்டும் அதை எழுத மாட்டேன். யார்மேலும் குற்றம் இல்லை. உன்மேல் இல்லவே இல்லை. ஆனால் நீ அதை நினைத்துப் பயந்துதான் இப்படிச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

புவனாவுக்கு முழு மயக்கம்கூடக் கிடையாதாம், இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போகுமாம். பிள்ளை அழுவது அவளுக்குக் கேட்குமாம். மாப்பிள்ளை சொன்னார். அவள் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்றும் சொன்னார். ஊசிக்கும் கத்திக்கும் அவள் பயப்படுவதாக நீ நினைக்கிறாய். அவள் உன் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள். முதல் ஊசி என்று அந்தப் பெண் போட்டதே, அதைப் புவனாவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மாட்டார்கள். அதை நீதான் கொடுக்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடு. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசு. ஆபரேஷன் அன்றைக்கு நான் வாசலில்தான் இருப்பேன், ஒன்றும் ஆகாது என்று சொல். உனக்கே நம்பிக்கை வராவிட்டாலும் அவளிடம் சொல். அழுகை வந்தால் வெளியே போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வா.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா குழாயைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு கிடாவைச் செல்லக்கண்ணு பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். நான் சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் போய், அங்கிருந்து திருச்சி மாறி வருகிறேன். பஸ் போர்டை இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நானே படித்து ஏறுவேன்.

புவனாவுக்கும் அவள் வயிற்றில் இருக்கும் செல்வத்துக்கும் என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் சொல். உன்னைவிட மூத்தவன் என்பதால் உனக்கும் சேர்த்தே ஆசீர்வாதம் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். உன் மனசு திடமாக இருக்க வேண்டும். முனியப்பன் கூட இருப்பான்.

நான் வந்து கதவைத் தட்டும்போது நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
அய்யம்பெருமாள்